போன வருஷத்துக் குச்சிகள்

ஜனவரி 11

என் தோட்டத்துக் கவாத்து இன்றோடு முடிந்தது. முழங்கை வரை கீறல். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது யாராவது என் கையைப் பார்த்துவிட்டுப் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். வருஷா வருஷம் இதே கேள்வி.

ரோஜாச் செடி குளிரில் தூங்கும்போது வெட்டினால்தான் வசந்தத்தில் பூவாகக் கொட்டும். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. செடியைக் குச்சி குச்சியாகக் கட்டையாக்கி வைத்திருக்கிறாளே, பாவி, என்று பார்க்கிறார்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நோஞ்சான் குச்சி எல்லாம் போக வேண்டும். மிச்சத்தை முழங்கால் உயரத்துக்கு விட்டால் போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. நசுங்கக் கூடாது. தோட்டச் சங்கத்தில் என்னை 'டாக்டரம்மா' என்கிறார்கள். கிண்டல்தான். இருந்தாலும் உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கிறது, பொய் சொல்வானேன்.

நாளை நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரருடைய அக்கா, நான் கூப்பிடுவது அண்ணி என்று. அண்ணி குளிர்காலத்துக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு, செடிகளையும் உன் கையால ஒரு தடவை பார்த்துடும்மா என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 12

காலையிலேயே போய்விட்டேன். முன்பக்கத்துச் செடிகள் எல்லாம் சாது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

பின்பக்கம் போனால் அந்தக் கொடி ரோஜா. அண்ணியின் கணவர் நட்டது. அந்த அண்ணன் காலமான பிறகு அதை யாரும் தொடவில்லை போலிருக்கிறது. சுவர் முழுக்கப் படர்ந்து, குழாயைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கோடையில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், மருந்துக்குக்கூட ஒரு பூ இருக்காது. இதற்கா இவ்வளவு இடம் என்று நினைத்துக்கொள்வேன். ரோஜா வளர்க்கத் தெரியாதவர்கள் வீட்டு ரோஜா என்றும் நினைத்துக்கொள்வேன்.

அதையும் வெட்டினேன். ஏணி போட்டு மேலிருந்து இறங்கி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீளம் நீளமான, பச்சை மாறாத குச்சிகள். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தன. மூட்டை கட்டி வாசலில் வைத்தேன், குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவரின் நிறம் தெரிந்தது. எனக்கே என் கையை மெச்சிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதே நாள், மாலை

அண்ணி போன் செய்தார். இவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னும் வரவில்லை, நான்தான் எடுத்தேன்.

வீட்டை விற்கப் போகிறாராம். மகன் வீட்டோடு இருந்துவிடுவதாக முடிவாகிவிட்டதாம். வசந்தத்தில் வந்து, பின்சுவரில் அந்தக் கொடி பூப்பதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது வருஷத்துல ஒரு தடவைதான் பூக்கும், அதுவும் போன வருஷத்துக் குச்சியிலதான். அவர் இருந்தப்போ யாரையும் கத்தரியோட அந்தப் பக்கம் விடமாட்டாரு. இந்தத் தடவை நல்ல குச்சி விட்டிருக்கும்மா. ரொம்பப் பூக்கும் பாரு."

நான் "சரி அண்ணி" என்றேன். குளிர் எப்படி இருக்கு என்று கேட்டேன்.

ஐயோ, என்ன செஞ்சுட்டேன்.

ஜனவரி 13

எனக்குத் தெரியாததா இது? ஒருமுறை பூக்கும் கொடி ரோஜாவைக் குளிரில் தொடக் கூடாது, பூத்து முடித்த பிறகுதான் வெட்ட வேண்டும் – சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது அந்த ஜாதி என்று எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

ஏன் என்றால் அது பூத்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் உண்மை. ஒவ்வொரு வசந்தத்திலும் அண்ணி கூப்பிடுவார். வந்து பாருங்க, சுவரே தெரியலை என்பார். நான் தலைவலி என்பேன், கடையில் ஆள் இல்லை என்பேன், இவரை மட்டும் அனுப்பிவைப்பேன். இவர் வந்து, நல்லா இருக்கு என்பார். இவருக்கு ரோஜாவும் ஒன்றுதான் செம்பருத்தியும் ஒன்றுதான், அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் தோட்டத்தைவிட நன்றாக இருந்துவிடுமோ என்று பயந்துதான் போகாமல் இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 16

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "செடிதானே, வளரும். உனக்குத்தான் பிரேக்கே கிடையாதே" என்றார். வீடு விற்பதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அது பூக்கும், ஆனால் அப்போது அண்ணி இங்கே இருக்க மாட்டார் என்பது அவருக்கும் புரிந்தது.

இப்பவே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு என்றார். போனில் சொல்லும் விஷயமா இது, வந்ததும் நேரில் சொல்கிறேன் என்றேன். சாமர்த்தியமாகத்தான் பேசுகிறேன்.

பிப்ரவரி 9

அண்ணி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டைகளில் சிவப்புச் சிவப்பாக முளை விட்டிருக்கிறது. என்ன ஆரோக்கியம். வேறு செடியாக இருந்தால் துள்ளியிருப்பேன். எல்லாம் வெறும் குச்சியாகத்தான் வளரும் என்று தெரிந்தும், ஒரு முளையை விரித்து உள்ளே மொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 2

அண்ணி போன். இவர்தான் பேசினார். கடைசியில், அவகிட்டச் சொல்லு, என் செடியையெல்லாம் கண்ணாப் பார்த்துக்கிறாள்னு தெரியும் என்றாராம். இவர் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 13

இன்று செய்த கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

நர்சரிக்குப் போய், தொட்டியில் பூத்து நிற்கும் கொடி ரோஜா ஒன்று வாங்கி வந்தேன். அண்ணி வீட்டுப் பூ வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடும், கொத்துக் கொத்தாக இருக்கும் என்று இவர் சொல்லியிருந்தார். நர்சரிக்காரர் அந்த நிறம் இல்லை, இதுதான் கிட்டத்தில் வரும் என்று ஒன்றைத் தலையில் கட்டினார். அதை அந்தச் சுவரோரம் வைத்து, நூலால் இழுத்துக் கட்டி, தொட்டியைச் செங்கல்லால் மறைத்து – ஒரு மதியம் முழுக்க. நான் தள்ளி நின்று பார்த்தேன். இவரும் பார்த்தார்.

"வழுக்கைத் தலைக்கு விக் வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தொட்டியைக் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். அண்ணனின் சுவரில் போய் நான் யாரை ஏமாற்றப் பார்த்தேன்?

ஏப்ரல் 26

நாளை அண்ணி வருகிறார். வாசலிலேயே சொல்லிவிடுவேன். பெட்டியை இறக்கும் முன்பே. அண்ணி, நான்தான் வெட்டினேன், தெரியாமல் செய்துவிட்டேன். இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது? இரண்டு வாக்கியம்.

ஏப்ரல் 27

சொல்லவில்லை.

காரை விட்டு இறங்கியதும் அண்ணி வீட்டுக்குள்கூட உட்காரவில்லை. கோட்டைக் கழற்றாமல், நேரே பின்கதவைத் திறந்துகொண்டு போனார். நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் போனேன். இடுப்பளவுக்குப் புதுக் குச்சிகள், பச்சைப் பசேலென்று இலை. அதற்கு மேல் வெறும் சுவர்.

குனிந்து குச்சிகளை விலக்கிப் பார்த்தார். அப்புறம் திரும்பாமலே, "யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது மட்டும்தான். "நான்தான்கா" என்று இவர் சொல்லிவிட்டார். "ஜன்னலை மறைச்சுக்கிட்டுக் கெடந்துது. சும்மா இருக்கேன்னு வெட்டிவிட்டேன்."

அண்ணி திரும்பி இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ போடறேன்னு சொல்லிட்டுச் சமையலறைக்குப் போயிட்டேன். நெஜமாவே டீ போட்டேன். சர்க்கரை சரியாயிருக்கான்னு வேற கேட்டேன். என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 28

ஏன் அப்படிச் சொன்னீங்க என்று இவரைக் கேட்டேன். கேட்கவும் எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

"அவளுக்கு நான் சின்னதுலேர்ந்தே முட்டாப்பயதான். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. உனக்கு இந்தச் செடி ஒண்ணுதானே பேரு" என்றார். சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார், யாரோ ஒரு பெண்ணுக்கு இன்று ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தர வேண்டுமாம்.

மே 10

அண்ணி இவரோடு பேசுவதில்லை. ஒரு வார்த்தை இல்லை. விற்பனைக்கு முன்னால் வீட்டை ஒழிக்க நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோம். இவர் எதிரிலேயே நிற்பார். அண்ணி என்னிடம், உன் வீட்டுக்காரர்கிட்ட அந்த அலமாரியை நகர்த்தச் சொல்லு என்பார். இவர் நகர்த்துவார். பால் பல் விழுந்த நாளிலிருந்து அக்கா அக்கா என்று அவர் பின்னாலேயே திரிந்தவர், அவர் மடியில் படுத்துத் தூங்கியதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சலிக்கவைத்தவர் – தலையைக் குனிந்துகொண்டு அலமாரியை நகர்த்துகிறார்.

என்னிடம் அண்ணி எப்போதும் இல்லாத பிரியமாக இருக்கிறார். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன் கை பட்டிருந்தா இப்படி ஆயிருக்காது."

நான் பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பு சரியில்லை என்று பிரித்து, மறுபடி மடித்தேன்.

மே 17

என் தோட்டம் பூத்துவிட்டது. எல்லாச் செடியும். சங்கத்துக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். டாக்டரம்மா இந்த வருஷம் கலக்கிட்டீங்க என்றார்கள். அண்ணியைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

மே 24

இவர் இரவுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பசி இல்லையாம். இன்று அக்கா பழைய போட்டோக்களைப் பங்கு பிரித்தாராம், இவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கட்டைத் தரையில் வைத்தாராம், கையில் கொடுக்கவில்லையாம். இவர் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். கேலி பேசுவதே இல்லை இப்போதெல்லாம். எனக்கு ஒரு பேர் மிஞ்ச வேண்டும் என்று இவர் அக்காவை இழந்துகொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 3

சொல்லிவிட்டேன்.

இவர் வகுப்புக்குப் போயிருந்தார். அண்ணியும் நானும் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். நாளை மறுநாள் புது ஆட்கள் வருகிறார்கள், இனி நாளே இல்லை. கையில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னேன். கொடியை வெட்டினது நான், இவர் இல்லை என்று. நினைத்து வைத்திருந்த மற்றதெல்லாம் வரவில்லை.

அண்ணி சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்றேன்.

"வந்த அன்னிக்கே தெரியும். ஒவ்வொரு வெட்டும் சாய்வா, வெளிப்பக்கத்துக் கணு பார்த்து, கணு நசுங்காம வெட்டியிருக்கு. என் தம்பி நகம் வெட்டினாலே ரத்தம் வரும்."

அப்புறம் ஏன் அவரோடு பேசாமல் இருந்தீங்க என்று கேட்டேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னான், வேற எதுக்கு என்றார். நீ சொல்லுவே சொல்லுவேன்னு பார்த்தேன், எத்தனை தடவை இடம் கொடுத்தேன் உனக்கு என்றார். எனக்கு அந்தத் துணி மடித்த நாள் ஞாபகம் வந்தது. பிரியம் என்று நினைத்தேனே.

அழுதேன். தெரியாம செஞ்சுட்டேன் அண்ணி, மன்னிச்சுடுங்க என்றேன். அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"வெட்டினது தெரியாத்தனம். எனக்கு வயித்தெரிச்சல்தான், ஆனா அதை விட்டுடலாம். அவன் எம் முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான், நீ டீ கொண்டுவந்து சர்க்கரை போதுமான்னு கேக்கறே. அதைத்தான் என்னால விட முடியலை."

கிண்ணம் என் கையிலேயே இருந்தது. அவர் அதை வாங்கிச் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

ஜூன் 5

அண்ணி போய்விட்டார். வண்டி கிளம்பும் முன் இவருடைய தலையைப் பிடித்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். இவர் சின்னப் பிள்ளையாட்டம் விசும்பினார். என்னிடம் அண்ணி வரேன் என்று மட்டும் சொன்னார். சொன்னாரே, அதுவே பெரிது.

செப்டம்பர் 14

ஞாயிறுதோறும் அக்காவும் தம்பியும் போனில் பேசுகிறார்கள். இவர் பழையபடி கேலி பேசுகிறார். இங்கே தெரிந்தவர்கள் எல்லோரையும் பேர் பேராக விசாரிக்கிறார் அண்ணி, பக்கத்து வீட்டு நாயைக்கூட. என்னை மட்டும் விசாரிப்பதில்லை. இவர் நடுவே என் பேச்சை இழுத்துப் பார்க்கிறார். நான் கையைக் காட்டி வேண்டாம் என்கிறேன்.

நவம்பர் 22

குளிர்காலக் கவாத்து பற்றிப் பேசச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். போனேன். கொடி ரோஜா என்று வந்ததும், நான் செய்ததை அப்படியே சொன்னேன். பூத்துப் பார்க்காத செடியில் கத்தரி வைக்காதீர்கள், யாருடைய செடியோ அவரைக் கேளுங்கள் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நான் தமாஷுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. நான் நிறுத்தி, இல்லை, நிஜம்தான் என்றேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தேன், பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று.

ஜனவரி 10

என் செடிகளுக்குக் கவாத்து. வழக்கமாக இரண்டு நாள் வேலை, இந்த முறை ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குச்சியையும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கே என்றார்.

மே 16

அண்ணி வீட்டை வாங்கிய பெண் இன்று கடைக்கு வந்தாள். இருமல் மருந்து வாங்க வந்தவள் என்னைப் பார்த்ததும் மருந்தை மறந்துவிட்டாள். பின்சுவர் ரோஜா பூத்திருக்கிறதாம், தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்களாம். வீட்டில் முன்னாடி இருந்தவங்க தம்பி மனைவி, இந்த மருந்துக் கடையில இருக்கிறவங்கதான் வெட்டிவிட்டாங்கன்னு பக்கத்து வீட்டில் சொன்னாங்க, அதனாலதான் புதுக் குச்சி இவ்வளவு வந்திருக்காமே, நீங்கதானா அது, ரொம்ப நன்றி என்றாள்.

நன்றி வேண்டாம் என்றேன். இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மே 18

இவரோடு போய்ப் பார்த்தேன். முதல் தடவையாக.

சுவரே தெரியவில்லை. அண்ணி சொன்னதெல்லாம் உண்மை. ஏணி போட்டு நான் இறக்கிய இடத்துக்கும் மேலே ஏறி, கூரை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, வெள்ளையில் ரோஸ் ஓடிய சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொரு குச்சியிலும் கொத்துக் கொத்தாக. இவர், எனக்கு நினைவு தெரிந்து இது இப்படிப் பூத்ததே இல்லை என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் வெட்டியதால் விட்ட குச்சிகள் இவை. போன வருஷம் பார்க்க வந்தவருக்கு ஒன்றும் இல்லை, இந்த வருஷம் யார் யாருக்கோ.

அங்கே நிற்கும்போதே இவருடைய போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணிதான். இவர் கொஞ்சம் பேசினார், இங்கே இருப்பதைச் சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். உன்கிட்டத்தான் கொடுக்கச் சொல்றா என்றார்.

கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். "பூத்திருக்கா?" என்று கேட்டார்.

சுமாராத்தான் அண்ணி, கொஞ்சம்தான் – நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவருக்கு நோகாமல் இருக்கும், நல்ல பொய்தானே. விழுங்கினேன்.

"நெறைய அண்ணி. கூரை வரைக்கும். இப்படிப் பூத்ததே இல்லைங்கறாரு."

புது வீட்டுக்காரி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், நான் உட்காரவில்லை.

"ம்... குழாய்ப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி" என்றார் அண்ணி. "ஒவ்வொரு கிளையா மெதுவாச் சொல்லு. அவரு கட்டின கம்பி இருக்கும் பாரு, அதுக்கு மேல என்ன இருக்குன்னு சொல்லு."

சொன்னேன். வாடியது எது, மொட்டு எது, தேனீ எதில் உட்கார்ந்திருக்கிறது எல்லாம் சொன்னேன். அவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு இடத்தில் நான் நிறுத்தியபோது, நிறுத்தாதே என்றார். இவர் கைக்குட்டையைக் கொடுத்தார்.

ஜன்னல் ஓரத்துக் கொத்தோடு முடித்தேன். "பூ உதிர்ந்ததும் எந்தக் குச்சியை எடுக்கணும்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்கொடு" என்றார். பிறகு, "வாயால மட்டும் சொல்லு. நீ கை வைக்காதே" என்றார்.

சரி அண்ணி என்றேன். அவர் போனை வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.